பழைய கேரவனுக்கு 3 மில்லி பிளைவுட் தேடி அலைந்த கதை

இங்கிலாந்தில் பழைய கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) வைத்திருக்கிறீர்கள், உள்சுவர் ஊறிப்போயிருக்கிறது, பிளைவுட் வாங்கக் கிளம்புகிறீர்கள் என்றால் தயவுசெய்து "மெல்லிசு பிளைவுட் வேண்டும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். அப்படிக் கேட்டால் கையில் எது இருக்கிறதோ அதைத் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்கு அதுதான் நடந்தது, இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது 80களின் வண்டி. வெளியே அலுமினியத் தகடு, நடுவில் மரச்சட்டமும் தெர்மோகோல் மாதிரியான பாலிஸ்டைரீனும், உள்ளே காகிதம் ஒட்டிய மெல்லிய பிளைவுட். ஆனிங் ரெயிலுக்கு (வெளிப்பந்தல் துணியை மாட்டும் கம்பி) பின்னால் இருந்த மாஸ்டிக், அதாவது நீர் புகாமல் அடைக்கும் பசை காய்ந்து, திருகு ஓட்டைகள் வழியாக மழை இறங்கி, முன் ஜன்னலுக்கு மேலே சுவர் அப்பளமாக நொறுங்கிவிட்டது. ரெயிலைக் கழற்றி, ரப்பர் மாதிரி ஒட்டும் பியூட்டைல் டேப் வைத்து மறுபடி முடுக்கியாயிற்று, ஒழுகல் நின்றது. அந்த வேலை சுலபம்தான். பலகை வாங்குவதில்தான் உயிர் போனது.

முதலில் அளவு. ஊறிய இடத்தில் அளக்கவே கூடாது, பிளை உப்பி 4 மில்லி, 5 மில்லி என்று பொய் சொல்லும். அலமாரிக்குப் பின்னால் ஈரமே படாத மூலையில் ஒரு துண்டு எடுத்து, காகிதத்தை உரித்துவிட்டு வெர்னியரில் அளந்தேன், 3 மில்லிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அரை மில்லியில் என்ன வந்துவிடும் என்று என் நண்பனும் கேட்டான், "ஏன் மாப்ள, ஒரு சுவருக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று. எங்கள் வண்டியில் இரண்டு பலகை சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டி இருக்கிறது, அதன் காடிக்குள் 3 மில்லிதான் போகும். 3.6 வாங்கினால் சுற்றிலும் இழைத்துத் தள்ள வேண்டும், இழைத்தால் மேலே ஒட்டிய மெல்லிய மர ஏடான வெனியரே போய்விடும்.

ஒரு பெரிய கடையின் இணையதளத்தில் 3 மில்லி இருப்பில் உள்ளது என்று போட்டிருந்தார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போனால் அங்கே இருந்தது 5.5 மில்லி, பக்கத்தில் மரநாரை அழுத்திச் செய்த ஹார்ட்போர்டு. "இரண்டும் ஒன்றுதானே" என்கிறார் அங்கே நின்றவர். ஒன்றா? ஹார்ட்போர்டு கனம் அதிகம், ஈரம் பட்டால் பிஸ்கெட் மாதிரி ஊதும், கேரவன் சுவருக்கு ஆகவே ஆகாது. வேறு கிளையில் இருக்குமா என்று கேட்டேன், கணினியைப் பார்க்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை. பெட்ரோலும் ஒரு சனிக்கிழமையும் போனதுதான் மிச்சம்.

அடுத்து இணையத்தில் ஒரு இடம். "மரைன் பிளை, 3 மில்லி" என்று தெளிவாக எழுதியிருந்தது, அதாவது படகுக்கு ஆகும் தரமான பிளைவுட். வந்தது 3.6. மேலே சிவப்பு வெனியர் காகித கனத்துக்கு, உள்ளே கோர், அதாவது நடு அடுக்கு, இடைவெளி விட்டு விட்டு. விளிம்பில் கையை ஓட்டினாலே பள்ளம் தெரிந்தது. மரைன் பிளைக்கான பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 1088 முத்திரை இருந்தது, யார் தயாரித்தது என்ற பெயர் எங்குமே இல்லை. அந்த முத்திரையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், யார் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம். ஓரத்தில் ஒரு கீற்று வெட்டிச் சமையலறைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டேன். தண்ணீரிலும் நீராவியிலும் தாங்கும் பசை என்றால் அடுக்குகள் அப்படியே நிற்க வேண்டும். இதுவோ கொஞ்ச நேரத்திலேயே மூன்று இதழாகப் பிரிந்து மிதந்தது.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், "வெட்டிய பலகையை எடுக்க மாட்டோம்" என்றார்கள். நானும் விடவில்லை. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்ன விவரத்துக்கு மாறான பொருளை 30 நாளுக்குள் நிராகரித்துப் பணத்தைக் கேட்கலாம். வெர்னியர் வைத்த படம், பிரிந்த கீற்றின் படம், அவர்கள் எழுதியிருந்த விவரத்தின் படம், மூன்றையும் சேர்த்து மின்னஞ்சல் போட்டேன். பணம் முழுசாக வந்தது, பலகையையும் அவர்களே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பொருள் வாங்கும் முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைப்பது எவ்வளவு உதவும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

பர்ச் மரத்தில் செய்த பர்ச் பிளை பற்றிப் பலரும் சொல்வார்கள். நல்ல பலகைதான், சந்தேகமே இல்லை. ஆனால் 2022இல் ரஷ்ய மரத்துக்குத் தடை வந்ததிலிருந்து விலை எங்கேயோ போய்விட்டது, அப்புறம் பல இடங்களில் அது 5க்கு 5 அடி ஷீட்டாகத்தான் வருகிறது. இரண்டு மீட்டருக்கு மேல் அகலமான வண்டியில் நடுவில் ஒட்டு விழும். கனமும் கூடுதல், 8க்கு 4 அடி அளவுக்குக் கணக்குப் போட்டால் 3 மில்லியே சுமார் 6 கிலோ.

கடைசியில் கிடைத்தது படகு கட்டுகிறவர்களுக்கு மரம் விற்கும் ஒரு கடையில். அங்கே இருந்த பெரியவர் என்னிடம் முதலில் விலை பேசவில்லை, "எந்தப் பக்கம் வளைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. கேரவனின் முன்பக்கம் மேலே போகப் போக வளைந்து கூரையில் சேருகிறது, அங்கே மேல் வெனியரின் ரேகை (மர நார் ஓடும் திசை) வண்டியின் அகலவாட்டில் ஓட வேண்டும். கோரைப் பாயைச் சுருட்டுகிற மாதிரிதான், கோரை நேராகவே இருக்கும், பாய் சுருளும். ரேகை மாறிப் போனால் மூன்று மில்லிகூட முறைத்துக்கொண்டு நிற்கும், அழுத்தினால் படாரென்று உடையும். அவர் காட்டியது கபூன் மர மரைன் பிளை, 3 மில்லி, 8 அடி நீளவாட்டில் ரேகை, ஷீட் சுமார் 4 கிலோ. விளிம்பு முழுக்க ஒரு பள்ளம் இல்லை. தயாரிப்பாளர் பெயர் இருந்தது. ஓரத் துண்டு ஒன்றைச் சும்மா கொடுத்து, "வீட்டுக்குப் போய்க் கொதிக்க வைத்துப் பார்த்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். கொதித்தது, காய்ந்தது, மறுபடி கொதித்தது, ஒரு அடுக்கும் அசையவில்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நண்பனுக்கு போன் போட்டேன், அவ்வளவு சந்தோஷம். விலை கூடத்தான், ஆனால் திரும்ப ஒரு முறை சுவரைப் பிரிக்கிற தெம்பு எனக்கில்லை.

காரின் மேலே கொண்டுவருவதாக இருந்தால் மெல்லிய ஷீட்டைத் தனியாகக் கட்டாதீர்கள், காற்று தூக்கிக் கிழித்துவிடும். கீழே ஒரு தடித்த பலகை, மேலே ஒன்று, நடுவில் இதை வைத்துக் கட்டுங்கள். வீட்டில் படுக்கை வசமாக வையுங்கள், சாய்த்து நிறுத்தினால் வளைந்துவிடும். கபூன் தானாக ஈரம் தாங்கும் மரம் இல்லை, அதனால் பொருத்தும் முன் விளிம்புகளுக்கு எபாக்ஸிப் பிசின் தடவியே ஆக வேண்டும். அப்புறம் பசை. கரைப்பான் கலந்த கான்டாக்ட் பசையைப் பாலிஸ்டைரீன் மேல் தடவினால் அது கரைந்து குழியாகிவிடும், சின்னத் துண்டில் சோதித்தபோது கண்ணெதிரே உருகியது. நான் பாலியூரித்தேன் பசை போட்டேன், அது காயும்போது கொஞ்சம் பொங்கும், அதனால் குறுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். வளைவு இருக்கும் இடத்தில் மட்டும் முதலில் வெந்நீர்த் துணியால் வெளிப்புறத்தை நனைத்து, வளைத்துக் கட்டிக் காயவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே பசை பூசுங்கள். ஈரத்தோடு மூடிவிட்டால் பழையபடி உள்ளேயிருந்தே அழுக ஆரம்பித்துவிடும்.