வேளச்சேரிக்குள் பழைய ஊரைத் தேடியபோது

சென்னையோடு முழுவதுமாகக் கலந்துவிட்ட வேளச்சேரியில், சோழர் காலக் கல்வெட்டுகள் வெளிச்சேரி என்று குறிப்பிடும் பழைய ஊர் எந்த எல்லைக்குள் இருந்தது என்பதைத் தெருத்தெருவாக நடந்து கண்டறிய முயன்று வருகிறேன். கோயில்களிலிருந்துதான் தொடங்கினேன். யமன் தான் இழந்த தண்டத்தைத் திரும்பப் பெற்ற தலம் எனப்படும் தண்டீஸ்வரர் கோயிலும், சற்றுத் தள்ளியுள்ள செல்லியம்மன் கோயிலும் ஊரின் பழமைக்குச் சான்றாகின்றன. ஆனால் குடியிருப்பு எங்கே முடிந்து வயல் எங்கே தொடங்கியது என்பதை அவற்றைக் கொண்டு அறிய முடியவில்லை.

அதற்கு வழிகாட்டியது ஒரு மூலப்பத்திரம். நண்பர் ஒருவரின் அடுக்குமாடி வீடு நிற்கும் மனை அதில் 'வேளச்சேரி கிராமம், நஞ்சை' என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. நான்கெல்லை விவரத்தில் 'வாய்க்காலுக்குத் தெற்கு' என்றும் எழுதியிருக்கிறார்கள். இன்று அங்கே வாய்க்கால் இல்லை. எனினும், நூல் பிடித்தாற்போல் செல்லும் மனைப்பிரிவுத் தெருக்களுக்கு நடுவே ஒரு சந்து மட்டும் மெல்ல வளைந்து செல்கிறது. மழைநீர் வடிகாலின் சிமென்ட் மூடிகளும் அதே வளைவில் வரிசையாகக் கிடக்கின்றன. வாய்க்காலின் தடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இந்தக் குறிப்பு கிடைத்தபின் தெருக்களைப் பார்க்கும் முறையே மாறிவிட்டது. குறுகலாகவும் கோணலாகவும் ஓடும் சந்துகளில், சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகள் இருக்கும் பகுதியைப் பழைய நத்தமாகவும் (ஊரார் வீடு கட்டிக் குடியிருந்த நிலம்), நேர்கோட்டுத் தெருக்கள் உள்ள பகுதியைப் பிற்காலத்தில் மனையான வயலாகவும் வரைபடத்தில் தற்காலிகமாகக் குறித்து வருகிறேன். வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதியும் இன்று குடியிருப்பாகிவிட்டதால், தெருவின் வடிவத்தை மட்டும் நம்பாமல் பத்திரங்களையும் நில அளவை எண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விஜயநகரும் ராம் நகரும் மூழ்கியதை, ஏரிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் இடைப்பட்ட தாழ்வான நிலத்தின் இயல்போடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் போன வழியை அறியாமல் இந்த ஊரின் வரலாற்றை எழுத முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்ததாக, ஏரியின் உபரிநீர் சதுப்பு நிலத்தை நோக்கிச் சென்ற பாதையை, 2007இல் திறக்கப்பட்ட பறக்கும் ரயில் நிலையத்தின் சுற்றுப்புறம் வரை நடந்து குறிக்க இருக்கிறேன்.