பொழுது சாய்ந்த பிறகு ஓர்க்கைத் துரத்தாதீர்கள்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் 61 நாளைக்கு எங்கள் மண்டபம் ஊரில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலையில் கிழிசல் பார்ப்பது, இன்ஜின் வேலை, பெயிண்ட் வேலை எல்லாம் பகலோடு முடிந்துவிடும், ராத்திரி என் மச்சானுக்குப் பொழுது போகாது, நேராக எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவான். நடுவில் என் பழைய லேப்டாப், அதில் வெஸ்நாத், அறுகோணக் கட்டங்களில் படையை நகர்த்தி மாறி மாறி ஆடுகிற போர் விளையாட்டு. டேவிட் ஒயிட் என்பவர் 2003-இல் தொடங்கிய விளையாட்டு, இன்றைக்கும் இலவசம்தான். நெட் இல்லாவிட்டாலும் ஒரே கணினியில் ஆள் மாற்றி ஆள் ஆடலாம். இந்தத் தடைக்காலத்தில் முதல் மூன்று வாரமும் அவனிடம் வரிசையாகத் தோற்றேன், அதுவும் ஒரே காரணத்தால்.

அவன் எப்போதும் ஓர்க் என்கிற அரக்கர்களும் ட்ரோல் என்கிற பூதங்களும் இருக்கிற நார்தனர்ஸ் படையை எடுப்பான். நான் எடுப்பது ஈட்டிக்காரனும் குதிரைக்காரனும் இருக்கிற லாயலிஸ்ட் என்கிற மனிதப் படை. இந்த விளையாட்டில் ஒரு நாளுக்கு ஆறு டர்ன், அதாவது ஆறு சுற்று: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதல் சாமம், இரண்டாம் சாமம். என் ஆட்களுக்குப் பகலில் அடி 25 சதவீதம் கூடும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க்குக்கு அப்படியே தலைகீழ். கேட்க ஏதோ சின்ன விஷயம் மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஈட்டிக்காரன் ஒரு குத்துக்கு 7 வீதம் மூன்று குத்து, பகலில் அது 9, இரவில் 5. ஓர்க் படையின் சாதாரணக் காலாளான கிரண்ட் ஒரு வெட்டுக்கு 9 வீதம் இரண்டு வெட்டு, இரவில் 11, பகலில் 7. பகலில் நான் 27 கொடுத்து 14 வாங்குகிறேன், இரவில் 15 கொடுத்து 22 வாங்குகிறேன். அதே இரண்டு பேர்தான், பொழுது மட்டும்தான் வேறு.

இது தெரிந்தும் தோற்றேன் என்பதுதான் கேவலம். ஒரு ஆட்டத்தில் பகல் முழுக்க அடித்து அவனுடைய நாலு கிரண்டைச் சாய்த்துவிட்டேன், அவன் தலைவன் பாதி உயிரோடு கோட்டைக்குள் நிற்கிறான், அந்தி டர்ன் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு அடிதானே என்று குதிரைக்காரனை அனுப்பினேன். குதிரைக்காரன் பாய்ந்து அடித்தால் இரண்டு மடங்கு அடி, ஆனால் வாங்குவதும் இரண்டு மடங்கு. கோட்டையில் நிற்பவன் மேல் பத்தில் நாலு அடிதான் படும். என் இரண்டு அடியும் காற்றில் போனது, அவனுடைய மூன்று வெட்டும் விழுந்தது, குதிரைக்காரன் காலி. பின்னாலேயே வெட்டவெளியில் வந்து நின்ற என் ஈட்டிக்காரர்களை முதல் சாமத்தில் புதிதாக எடுத்த கிரண்டுகள் வளைத்துக்கொண்டார்கள். மச்சான் சிரிக்கக்கூட இல்லை. "காத்து பாக்காம கடலுக்குப் போறவன் மாதிரி ஆடுறியே மாப்ள" என்றான்.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? பிற்பகல் டர்னிலேயே திரும்பிவிடுகிறேன். அந்தியில் திரும்பினால் பயனில்லை, கிரண்டும் ஈட்டிக்காரனும் ஒரே வேகம், துரத்திப் பிடித்துவிடுவான். அடிபட்டவர்களை ஊர்க் கட்டங்களில் நிறுத்தினால் டர்னுக்கு 8 உயிர் ஏறும். மற்றவர்களை ஆற்றங்கரையில் வரிசையாக நிறுத்திவிடுவேன், ஆற்றுக்குள் இல்லை, கரையில். என்னை அடிக்க வேண்டுமானால் அவன் தண்ணீரில் இறங்கித்தான் ஆகவேண்டும், ஆழமில்லாத தண்ணீரில் நிற்கிற ஓர்க் மேல் பத்துக்கு எட்டு அடி படும். இரவாக இருந்தாலும் அது எனக்குக் கட்டுபடியாகும். வரிசை நேராக இருந்தால் ஒருவனை முன்பக்கமிருந்து இரண்டு பேர்தான் தொட முடியும், நடுவில் ஓட்டை விழுந்தால் மூன்று பேர், நாலு பேர் என்று ஏறும்.

ஆள் குறைவாக இருந்தால் இரண்டு கட்டம் இடைவெளி விட்டும் நிறுத்தலாம். முதல் நிலையோ (லெவல்) அதற்கு மேலோ உள்ள எந்த ஆளும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டத்தையும் பிடித்து வைத்திருப்பான், எதிரி அதில் கால் வைத்தால் அந்த டர்னுக்கு நகர்வு முடிந்தது. ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டாம், புலியை ஆடு கடிக்காது, போக வழியில்லாமல் செய்யும், அவ்வளவுதான்.

விடிந்ததும் என் முறை. கிரண்டிடம் வில் கிடையாது, எறிய ஒன்றும் கிடையாது. அதனால் மந்திரவாதியை வைத்து அடித்தால் திருப்பி அடிக்க மாட்டான், மந்திரம் எந்த நிலத்தில் நிற்பவன் மேலும் பத்துக்கு ஏழு படும். சாகப்போகிற கிரண்டை ஈட்டிக்காரனிடம் விடாமல் மந்திரவாதிக்கே கொடுப்பேன். ஒருவனை வீழ்த்தினால் 8 அனுபவம், சும்மா சண்டை போட்டால் 1. அது சேர்ந்து மந்திரவாதி நிலை ஏறினால் அவனை வெள்ளை மந்திரவாதி ஆக்கிவிடலாம், பக்கத்தில் நிற்பவர்களுக்கு 8 உயிர் ஏற்றுவான், விஷத்தையும் இறக்குவான். ட்ரோலை மட்டும் அரைகுறையாக அடித்து விடாதீர்கள், டர்னுக்கு 8 உயிர் தானாக ஏறும், முடித்தால் ஒரே டர்னில் முடிக்கணும், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

பத்துக்கு ஏழு என்றால் மூன்று தடவை தவறும் என்பது மட்டும் இன்னும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. அடிக்கும் முன் வருகிற பெட்டியிலேயே யார் எத்தனை உயிரோடு மிஞ்ச எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குக் காட்டும், அதைப் பார்க்காமல் அடித்துவிட்டு லேப்டாப்பைத் திட்டுவேன்.

மெர்மன் பற்றிச் சொல்லியே ஆகணும். இடுப்புக்குக் கீழே மீனாக இருக்கிற ஆட்கள். ஆழமில்லாத தண்ணீரில் பத்துக்கு நாலு அடிதான் இவர்கள் மேல் படும், தரையில் ஏற்றினால் ஏழு. கதையாகப் போகிற ஆட்டம் ஒன்றில் முத்து விரிகுடா என்று ஒரு கட்டம் வரும், ஓர்க்குகள் இந்த மெர்மன்களை அடிமையாக வைத்து முத்துக்குளிக்க விடுவார்கள், நாம்தான் மீட்கணும். முத்துக்குப் பேர்போன மன்னார் வளைகுடாக் கரையில் உட்கார்ந்து அதை ஆடுகிறோம். மச்சான் அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் ஓர்க் பக்கம் பேசவில்லை.

போன வாரம் தொடர்ந்து மூன்று ஆட்டம் நான் ஜெயித்தேன். நேற்று அவன் ஓர்க்கை விட்டுவிட்டு எலும்புக்கூட்டுப் படையை எடுத்துவிட்டான். ஆற்றங்கரையில் பன்னிரண்டு ஈட்டியோடு நிற்கிறேன், எலும்புக்கு நடுவில் ஈட்டி போய்ப் போய் வருகிறது, பாதி அடிகூட ஏறவில்லை. கதாயுதம் வைத்திருக்கிற கனத்த காலாளையும் மந்திரவாதியையும் எடுக்கலாம் என்றால் கையில் 11 காசு. கனத்த காலாள் ஒருத்தனுக்கே 19 வேண்டும்.