ஓரடியில் போன ஒன்பது வாரம்

புயலில் சேதமான ஓர் அமெரிக்க ரயில் தடத்துக்காகக் கேட்ட மானியத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. ஒழுங்காகப் போயிருந்தால் ஒன்பது வாரம் முன்னாலேயே வந்திருக்க வேண்டியது.

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ரயில் நிறுவனங்களுக்குக் கோப்பு தயாரிக்கும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். புயலில் மூழ்கிய பயணிகள் ரயில் தடத்தைச் சரிசெய்யவும், அடுத்த புயலுக்குத் தாங்கும்படி உயர்த்திக் கட்டவும், அங்குள்ள கூட்டாட்சிப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.விடம் அவசர நிவாரண மானியம் கேட்கும் வேலை இனி உங்கள் மேசைக்கும் வரலாம். அமெரிக்க அரசிடம் நிதி பெறுகிறவர்களுக்கான சாம் பதிவு, எஃப்.டி.ஏ.வின் மானியத் தளமான டிராம்ஸில் உள்நுழைவு இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அவற்றில் எங்களுக்குச் சிக்கல் வரவில்லை. சாம் பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அந்தத் தேதியை மட்டும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களைக் கவிழ்த்தது ஒரே ஒரு ரிலே அறை, அதாவது சிக்னல்களை இயக்கும் மின்சாதனங்கள் வைத்திருக்கும் அறை. யார்டு ஓரத்தில் இருந்த பழைய கட்டடம், புயலன்று உப்புத்தண்ணீர் உள்ளே வந்து சிக்னல் ரிலே மொத்தமும் போய்விட்டது. அதே இடத்தில் எஃகுத் தூண் நிறுத்தி, மேலே புது அறை வைப்பது திட்டம். வெள்ள வரைபடத்தில் அந்த இடத்துக்கு அடிப்படை வெள்ள மட்டம், அதாவது எந்த வருடத்திலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் எட்டும் உயரம், 11 அடி. அதற்கு மேல் குறைந்தது ஓரடியாவது விட வேண்டும் என்பது இந்த மானியத்தின் நிபந்தனை. எனவே தளம் 12 அடி. வடிவமைப்பு வரைபடத்திலும் 12.0 என்றே இருந்தது. எல்லோரும் டிக் அடித்து அனுப்பிவிட்டோம்.

பரிசீலனையில் இருந்தவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்தது: எந்த டேட்டம்? உயரங்களை எந்தப் பூஜ்ய மட்டத்திலிருந்து அளந்தீர்கள் என்று அர்த்தம்.

வரைபடப் பிரிவில் இருந்த திருநெல்வேலித் தம்பிதான் முதலில் கண்டுபிடித்தான். "அண்ணே, தாள் மூலையைப் பாருங்க. எம்.எஸ்.எல்.னு போட்டிருக்கு." வடிவமைப்பாளர் தன் மட்டங்களை எடுத்தது 1960களில் போட்ட யார்டு வரைபடத்திலிருந்து. அந்தக் காலத்து அமெரிக்க வரைபடங்களில் எம்.எஸ்.எல்., அதாவது 'சராசரிக் கடல்மட்டம்' என்று இருந்தால், பெரும்பாலும் அது 1929ஆம் வருடத்து டேட்டம்தான். அதன் பெயரையே 1973இல்தான் என்.ஜி.வி.டி. 29 என்று மாற்றினார்கள். வெள்ள வரைபடமோ என்.ஏ.வி.டி. 88 என்ற பிந்தைய டேட்டத்தில் இருக்கிறது. நியூயார்க், நியூஜெர்சி கரையோரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 1.1 அடி. பழைய கணக்கில் 12.0 என்றால் புதுக் கணக்கில் 10.9. நிபந்தனை கேட்ட ஓரடி காணாமல் போனதோடு விடவில்லை, புது அறையின் தளமே வெள்ள மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. மூழ்கிய அறைக்குப் பதிலாக மூழ்கப்போகும் அறைக்குக் காசு கேட்டிருக்கிறோம்.

எண்ணை மாற்றி எழுதினால் தீர்ந்ததா என்றால் இல்லை. சர்வேயர் மறுபடி களத்துக்குப் போய் மட்டம் எடுக்க வேண்டும். தூண் உயரம் மாறினால் காற்றுச் சுமை மாறும், அடித்தளம் மாறும். படிக்கட்டில் படிகள் கூடும், கேபிள் நுழையும் இடம் மேலே போகும், பழைய கேபிளின் நீளம் பற்றாது, நடுவில் இணைப்புப் பெட்டி வேண்டும். மதிப்பீடு மாறும். மதிப்பீடு மாறினால் செலவுக்கு ஏற்ற பயன் உண்டா என்று பார்க்கும் எச்.எம்.சி.இ. கணிப்பானை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். எவ்வளவு ஆழம் நின்றது, அந்த ஆழத்தில் எவ்வளவு சேதம், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும் என்று அது கேட்கும். ஆழம் ஓரடி தப்பென்றால் எல்லா வரியும் தப்பு. ஒன்பது வாரம் இப்படித்தான் போனது.

ஆகவே கையில் வரும் ஒவ்வொரு தாளிலும் மட்டத்தைப் பார்க்கும் முன் டேட்டம் என்ன என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் ஊகிக்காதீர்கள். சுரங்கப் பகுதிக்கு மைனஸ் குறி வரக் கூடாதென்று எல்லா மட்டத்தோடும் நூறு, முந்நூறு அடி கூட்டி எழுதிய ரயில்வே வரைபடங்களும் உண்டு. அவையாவது பார்த்த உடனே காட்டிக்கொடுத்துவிடும். 1.1 அடி வித்தியாசம் சத்தமே போடாது. கணினியில் மாற்றித் தரும் கருவிகளை நம்பி இறுதி மட்டம் எழுத வேண்டாம். அவை டேட்டத்தை மாற்றும், அறுபது வருடத்தில் யார்டு மண் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று சொல்லாது. புது சர்வே செலவையும் திட்டச் செலவில் சேர்க்கலாம் என்பதால் கஞ்சத்தனம் பார்க்கத் தேவையில்லை.

அடுத்த தலைவலி புகைப்படம். புயல் ஓய்ந்த மறுநாள் களப்பணியாளர்கள் தண்ணீர்க் கறையைப் படமெடுத்து வைத்திருந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் எங்களுக்கு வந்தது வாட்ஸப்பில். அதில் அனுப்பிய படத்தில் எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும். இங்கே இறக்கியபோது கோப்புக்கு இந்திய நேரத்தில் புதுத் தேதி ஏறியது. அட்டவணையில் அந்தத் தேதியையே ஒருவர் நகலெடுக்க, கழுவித் துடைத்த தேதிக்குப் பிறகு கறை படிந்த மாதிரி ஆனது கதை. மூலப் படத்தை மெமரி கார்டிலிருந்தே வாங்குங்கள். கறைக்குப் பக்கத்தில் அளவுகோல் பிடித்து எடுத்த படம் ஒன்று, எடுத்தவர் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று. இவை இருந்தால் வாதம் எழாது. கறை மட்டத்தை எழுதும்போதும் அதே டேட்டம் கேள்விதான்.

மூன்றாவது, சம்பளத் தாள். இதில் ரயில் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஓர் எழுத்தர் எங்களை அலைக்கழித்தார். புயல் வாரத்தில் பம்ப் ஓட்டியவர், மரம் வெட்டியவர், சிக்னல் சரிசெய்தவர், பயணிகளுக்கு மாற்றுப் பேருந்து ஓட்டியவர் எல்லாருடைய ஓவர்டைமும் 'புயல்' என்ற ஒரே குறியீட்டில் ஏறியிருந்தது. மானியத்தில் அவசர இயக்கம் வேறு, அவசரப் பழுதுபார்ப்பு வேறு, நிரந்தரப் பழுதுபார்ப்பு வேறு, தாங்குதிறன் வேலை வேறு. பிரித்துத் தாருங்கள் என்றால், "நாங்க எப்பவும் இப்படித்தான் பண்றோம்" என்ற பதில் மூன்று முறை வந்தது. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. ஒரு கேள்விக்கு ஒரு நாள் போகும். நான்காவது முறை அவரைக் கேட்பதை விட்டுவிட்டுக் களப் பிரிவு மேலாளரிடம் வேலை ஆணைகளை வாங்கினோம். ஒவ்வொரு ஆணையிலும் இடமும் வேலையும் ஆள் எண்ணும் இருந்தன. சம்பளத் தாளோடு பொருத்தி நாங்களே பிரித்து, மேலாளர் கையொப்பம் வாங்கினோம். இதில் ஒரு சின்ன சந்தோஷம்: ஒரு வரிகூடத் திரும்பி வரவில்லை. உங்கள் வாடிக்கையாளர் கரையோர நிறுவனம் என்றால், அடுத்த புயலுக்கு முன்பே நான்கு குறியீடுகளைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

சேத அறிக்கையில் நாங்கள் தப்பித்த ஓர் இடம் உண்டு. உப்புத்தண்ணீர் நின்ற சொத்து இன்று வேலை செய்கிறது என்பதற்காகப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். நியூயார்க்கின் கனார்சி சுரங்கம் 2012இல் சாண்டி புயலில் சுமார் 70 லட்சம் கேலன் உப்புத்தண்ணீரை வாங்கியது. ரயில்கள் சில நாளில் ஓடத் தொடங்கிவிட்டன. ஆனால் சுரங்கச் சுவரை ஒட்டி ஓடும் பக்கத் திண்டுக்குள் இருந்த கேபிள்களையும் திண்டின் கான்கிரீட்டையும் உப்பு அரித்துக்கொண்டே இருந்தது. பெரிய மறுசீரமைப்பு 2019இல் தொடங்கி 2020இல்தான் முடிந்தது. எனவே மூழ்கிய ஒவ்வொரு கேபிளுக்கும் எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆழம், நல்ல தண்ணீரில் கழுவினார்களா, அதன் பிறகு மின்காப்பை அளக்கும் மெக்கர் சோதனையில் இன்சுலேஷன் எத்தனை மெகாஓம் காட்டியது என்று ஒரு வரி வேண்டும். அதே சோதனையை மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணைவிட இறங்கியிருந்தால் அதுவே சாட்சி. முதல் அறிக்கையில் பெயரே இல்லாத கேபிளைப் பின்னால் கொண்டுவந்து நுழைப்பது கஷ்டம்.

சுற்றுச்சூழல் அனுமதி எங்களுக்கு ஒரு வரியில் முடிந்தது. ஏன் முடிந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அறிவிக்கப்பட்ட பேரிடரில் சேதமான ரயில் கட்டமைப்பை ஏற்கெனவே உள்ள நிலத்திலேயே, ஏறக்குறையப் பழைய அமைப்பிலேயே, இரண்டு வருடத்துக்குள் வேலை தொடங்கிக் கட்டினால் விரிவான ஆய்வு இல்லாமல் விலக்கு உண்டு. மாநிலத்தின் எஸ்.டி.ஐ.பி. திட்டப் பட்டியலில் ஏற்ற வேண்டிய கட்டாயத்திலிருந்தும் அவசர நிவாரண வேலைக்கு விலக்கு உண்டு. ஆனால் இடமோ செயல்பாடோ கொள்ளளவோ கணிசமாக மாறினால் இரண்டுமே செல்லாது. ரிலே அறையை மேட்டுப் பக்கம் தள்ளி வைத்தால் தூணே வேண்டாம், செலவு மிச்சம் என்று ஓர் இளம் பொறியாளர் யோசனை சொன்னார். பொறியியலாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் அதைச் செய்திருந்தால் இந்த இரண்டு விலக்கும் கேள்விக்குள்ளாகி, மாநிலப் பட்டியல் திருத்தத்துக்காக வரிசையில் நின்றிருப்போம். அந்த யோசனையை நாங்கள் ஏற்கவில்லை.

காப்பீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் கை நீட்ட முடியாது. காப்பீட்டு நிறுவனம் கொடுத்தாலும் சரி, பேரிடர் நிர்வாக முகமையான ஃபெமா கொடுத்தாலும் சரி, அந்தத் தொகை கழிந்துவிடும். காப்பீட்டுப் பணம் மொத்தமாக ஒரு செக்கில் வந்தால்தான் வம்பு. எந்தச் சொத்துக்கு எவ்வளவு என்று பிரிவினை இல்லாவிட்டால் மானியம் கேட்ட எல்லா வரியிலும் அது ஏறி உட்காரும். தீர்வுத் தாளில் கையெழுத்துப் போடும் முன்னரே சொத்துவாரியாகப் பிரித்து எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம் அமெரிக்காவின் நீண்டதூரப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக். தடத்தையோ நிலையத்தையோ ஆம்ட்ராக்கோடு பகிர்ந்துகொள்ளும் நிறுவனம் என்றால், நீண்டதூர ரயில் பங்குக்கு எஃப்.டி.ஏ. நிதி வராது. பங்கு விகிதம் எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தை இணைத்துவிடுங்கள்.

பணம் எப்போது வரும் என்று வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டே இருப்பார். இந்தத் திட்டத்துக்கென்று தயாராக நிரம்பிய உண்டியல் கிடையாது. ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு ஒதுக்க வேண்டும். சாண்டி அடித்தது 2012 அக்டோபர் 29. ஒதுக்கீட்டுச் சட்டம் கையெழுத்தானது 2013 ஜனவரி 29. எஃப்.டி.ஏ.வுக்கு மட்டும் 1,090 கோடி டாலர். மூன்று மாதத்தில் வந்தது, அதுவும் நியூயார்க் மூழ்கியதால். எங்கள் கோப்பின் புயலுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கூட்டாட்சிப் பங்கும் புயலுக்குப் புயல் மாறலாம். வழக்கமாக 80 சதவீதம், சாண்டிக்கு 90. மீதியை உள்ளூர் எங்கிருந்து போடுகிறது என்பதற்குத் தீர்மான நகல் கேட்பார்கள்.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் நிமிர்த்திய கதையை இதற்கு நடுவே யாராவது எடுத்து விடுவார்கள். எங்கள் அறையிலும் விட்டார்கள். அங்கே கட்டியதும் காசு போட்டதும் ஒரே ரயில்வே. இங்கே கட்டுகிறவர் ஒருவர், காசு தருகிறவர் இன்னொருவர், நடுவில் நாம். 2022 செப்டம்பரில் நம் வெளிவட்டச் சாலையே மூழ்கி, ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் வேலைக்குப் போனது ஞாபகம் இருக்கும். அந்த வெள்ளத்தில் எந்தக் கட்டடத்தில் எவ்வளவு ஆழம் நின்றது என்று யாரிடமாவது கையெழுத்திட்ட பட்டியல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒப்புதலோடு வேலை முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிதி அறிக்கையும் முன்னேற்ற அறிக்கையும் டிராம்ஸில் ஏற்ற வேண்டும். ரிலே அறையின் திருத்திய வரைபடத்தில் தளம் இப்போது 12.5 அடி. அந்த அரை அடி எங்கள் பயத்துக்காகச் சேர்த்தது. பரிசீலனையில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. எண்ணுக்குப் பக்கத்திலேயே என்.ஏ.வி.டி. 88 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம், ஒவ்வொரு தாளிலும், ஒவ்வொரு மட்டத்துக்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.