சுண்ணாம்புக் கணக்கு

ஜூன் 4
மழை. தைரொயிட் சுரப்பியை எடுத்த கழுத்தின் கட்டு நனையாமல் அம்மாவைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று.

ஜூன் 5
காலையில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்றாள். மத்தியானம் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்த கை அப்படியே மடங்கிக்கொண்டது. பெருவிரல் உள்ளங்கைக்குள், மற்ற விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டியபடி. வயது வந்ததிலிருந்து கொழுந்து கிள்ளிய விரல்கள். இழுத்துப் பார்த்தேன், விரியவில்லை. பக்கத்து லயத்து மாமாவின் ஆட்டோவில் ஏற்றும்போதும் “நாளைக்கும் பேர் போய்விட்டதே” என்று நாட்கூலியை நினைத்துத்தான் புலம்பினாள்.

ஜூன் 6
டொக்டர் மேற்கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிக் காற்றடித்து அப்படியே விட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, கை மறுபடி மடங்கியது. தலையை ஆட்டிக்கொண்டு, கல்சியம் குளுக்கோனேட் ஏற்றச் சொன்னார். மெதுவாக ஏற்றினார்கள். விரைந்து ஏற்றினால் இதயத்துடிப்பு தடுமாறும் என்பதை நான் படித்திருக்கிறேன், படிக்காமலே இருந்திருக்கலாம். திரையில் ஓடிய கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல்கள் விரிந்தபோது நர்ஸ் மிஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தைரொயிட்டை எடுக்கும்போது அதன் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு சின்னச் சுரப்பிகளும் சோர்ந்துபோகுமாம். இரத்தத்தில் கல்சியத்தைக் காப்பவை அவைதாம். பெரும்பாலும் தானாகவே தேறிவிடும் என்றார் டொக்டர். பெரும்பாலும்.

ஜூன் 7, இரவு
வார்ட்டு வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. கல்சியம் இல்லாமல் தசை சுருங்காது. அம்மாவுக்குக் கல்சியம் குறைந்தது, கையோ இறுகிக்கொண்டது. எப்படி?

வகுப்பில் படித்தது நினைவுக்கு வருகிறது. மருத்துவர் சிட்னி ரிங்கர் லண்டனில் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். நன்றாகவே துடித்தது. கரைசலைக் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. காய்ச்சி வடித்த நீரில் கலந்தபோது துடிப்பு தளர்ந்து அடங்கியது. கொஞ்சம் கல்சியம் சேர்த்தார், மீண்டது. 1883இல் அதை எழுதினார். எங்கள் மலைப் பீலியில் வழியும் தண்ணீரில் கேத்தலின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவே பிடிக்காது. யாழ்ப்பாணத் தோழி வீட்டிலோ சுரண்டி எடுக்க வேண்டும். அந்த மனிதர் எங்கள் ஹட்டனில் இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்.

தவளையின் கால்தசை வேறு சாதி. கல்சியமே இல்லாத கரைசலில் போட்டாலும், தூண்டினால் கொஞ்ச நேரம் சுருங்கிக்கொண்டுதான் இருக்கும். வேண்டியதை நாருக்குள்ளேயே சிறுவலையில் அடைத்து வைத்திருக்கிறது. தூண்டல் வந்ததும் கல்சியம் வலையை விட்டு வெளியே கொட்டி துரோப்போனின் என்ற புரதத்தில் ஒட்டும், மயோசின் இழை அக்டின் இழையை இழுக்கும். பிறகு மறுபடி வலைக்குள் வாரிக்கொள்ளும். 1947இல் ஹீல்பிரன், வியர்சின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் தவளைத் தசைநாருக்குள்ளேயே கல்சியத்தைச் செலுத்தினார்கள், நார் குறுகியது. சோடியமும் பொற்றாசியமும் மக்னீசியமும் அதைச் செய்யவில்லை. இதயத்துக்கு உள்ளிருப்பு போதாது. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்து கல்சியம் வர வேண்டும்.

ஆக, அம்மாவின் கைத்தசைக்குள் கல்சியம் இருந்தது. குறைந்தது வெளியே, இரத்தத்தில். வெளியே குறைந்தால் நரம்பின் மென்சவ்வில் சோடியம் வாயில்கள் சின்னச் சீண்டலுக்கே திறந்துகொள்ளும். யாரும் ஏவாமலே நரம்பு தூண்டலை அனுப்பும், தசை இறுகும். கை மடங்குவதும் தவளை இதயம் அடங்குவதும் ஒரே குறையால்தான். விடை கிடைத்தது. தூக்கம்தான் வரவில்லை.

ஜூன் 8
அம்மா கண் விழித்ததும் கேட்டது வெற்றிலைப் பையை.

ஜூன் 10
ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சண்டை. “சுண்ணாம்புதானே மாத்திரை என்கிறாய்? நான் காலமெல்லாம் வெற்றிலையில் தடவித் தின்றவள். எனக்கா சுண்ணாம்புக் குறை?” சிரித்துவிட்டேன், பிறகு கோபமும் வந்தது. தின்பது குடலைத் தாண்டி இரத்தத்தில் சேர அந்தச் சுரப்பிகளின் தயவு வேண்டும், விட்டமின் டி வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். கேட்டுவிட்டு, மாத்திரையையும் விழுங்கி வெற்றிலையையும் மடித்தாள்.

ஜூன் 11
கம்பஸிலிருந்து செய்தி. அடுத்த வாரம் செய்முறை வகுப்பு: தவளைக் கால்தசை, பொற்றாசியம் கூடிய கரைசல். மென்சவ்வின் மின்னழுத்தம் சரிய, தசை இறுகி, பிறகு தானாகவே தளர்ந்துவிடும். கோட்பாடு மனப்பாடம். அதை உயிர்போன காலில் பார்க்க இப்போது மனமில்லை. பேராதனைக்குப் போவதா வேண்டாமா?

அம்மாவுக்குச் சொன்னேன். “தவளைக்குத் தாய் இல்லையா?” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பீலிக்கரையில் அவை கத்தத் தொடங்கியபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஜூன் 12
எறும்பு இல்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

ஜூன் 13
மறுபடி எறும்பு. இடது பக்கம் மட்டும் என்கிறாள். பொய் சொல்கிறாளோ, முழு வாயிலும்தானோ. மழைக்குப் பாதை சரிந்து பஸ் இல்லை.

ஜூன் 14
ரிப்போர்ட்டில் கல்சியம் 1.9. தாளில் கீழெல்லை 2.1 என்று போட்டிருக்கிறது. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். விட்டமின் டி மாத்திரை இங்கே எந்தக் கடையிலும் இல்லை. அண்ணனைக் கொழும்பில் தேடச் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும். அன்றைக்குத்தான் செய்முறை வகுப்பும்.