பின்சுவர் வால்வு

எங்கள் வீட்டுப் பின்சுவரில், வாசற்படிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அது எதற்கு என்று போன சனிக்கிழமை வரை யாருக்கும் தெரியாது. இப்போது தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் நாள்பட்டு இறுகிப் போயிருக்கும், மாற்றினால் சரியாகிவிடும். வாஷர் வாங்கியாயிற்று, ஸ்பானர் இருக்கிறது, 10 நிமிஷ வேலை என்றார் இவர். இவருடைய 10 நிமிஷத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குழாயைக் கழற்றும் முன் தண்ணீரை நிறுத்த வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த வால்வுக்குக் கைப்பிடியே இல்லை. முன்னாள் ஓனர் அதைக் கழற்றி வேறு எதற்கோ மாட்டியிருக்கிறார். இந்த வீட்டை வாங்கியதிலிருந்து அந்த மனிதரோடுதான் குடித்தனம் நடத்துகிறோம். டேப் சுற்ற முடிந்த இடத்தில் எல்லாம் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார், மீதிக்கு வெள்ளை பெயின்ட். கதவுக் கீலுக்குப் பெயின்ட், சுவிட்ச் போர்டு ஸ்க்ரூவுக்குப் பெயின்ட். ஹாலில் ஒரு கரப்பான்பூச்சி மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார். சின்னவன் அதற்குப் பெயர் வைத்துவிட்டதால் சுரண்டி எடுக்கவும் முடியவில்லை.

மெயின் வால்வை மூடிவிட்டால் என்ன என்று கேட்டேன். ஒரு குழாய்க்காக மொத்த வீட்டையும் நிறுத்துவது அநாகரிகமாம். சமையலறைக்கென்று தனி வால்வு இல்லாமலா இருக்கும், அந்தப் பின்சுவர் வால்வுதான் அது என்று முடிவு கட்டிவிட்டார். வலப்பக்கம் திருகினால் மூட வேண்டும். அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, துணி சுற்றி, பைப் ரெஞ்ச் போட்டு, இடப்பக்கம் திருப்பினால் கிறீச்சென்று சுற்றியது. "இந்த ஆளு இதையும் உல்டாவா மாட்டியிருக்கான் பாரு!"

அப்புறம் ஆளுக்கொரு இடம் ஒதுக்கினார். நான் சமையலறையில். பெரியவள் மாடி பாத்ரூமில். இவர் பின்னால். நடுவில், ஹாலில், தகவல் தொடர்பு அதிகாரியாக அத்தை. அத்தைக்குக் காது மந்தம். இரண்டு நாளாகக் காது மிஷினும் சார்ஜில்தான் கிடக்கிறது.

"நின்னுதா?"

"கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றேன். குறைந்துதான் இருந்தது. அந்தக் குறைவு எப்படி வந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

"இன்னும் திருப்பறேன். இப்ப?"

அத்தை கம்பீரமாக அறிவித்தார்: "நின்னுடுச்சு!"

இவர் வெற்றி வீரராக உள்ளே வந்தார். குழாயைத் திறந்து பார்க்கலாம் என்று நான் வாயெடுக்கும் முன் தலைப்பகுதியைக் கழற்றியாயிற்று. தண்ணீர் நேராகக் கூரையில் போய் அடித்தது. போன வாரம்தான் நாங்களே பெயின்ட் அடித்த கூரை. இவர் கட்டை விரலால் அடைத்துப் பார்த்தார், அது பக்கவாட்டில் பீய்ச்சி என்னை நனைத்தது. பெரியவள் மாடியிலிருந்து ஓடிவந்து, யாரையும் கேட்காமல், வாசலுக்குப் போய் மெயின் வால்வை மூடினாள். அந்த வீட்டில் அன்றைக்கு மூளையைப் பயன்படுத்திய ஒரே ஜீவன்.

அத்தையைக் கேட்டால், "வாஷிங் மெஷின் நின்னுடுச்சுன்னுதானே சொன்னேன்?" என்கிறார். அதுவும் உண்மைதான். நின்றிருந்தது.

வாஷரை மாற்றினோம், சொட்டு நின்றது. பின்சுவர் வால்வு எதற்கும் பயன்படாத தண்ட வால்வு என்று இவர் தீர்ப்பு எழுதிவிட்டுத் தூங்கப் போனார்.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால் தோட்டம் சேறாகிக் கிடந்தது. தோட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கோரைக் காடு. பிடுங்கினால் மேலே இருப்பது மட்டும் கையோடு வரும், கிழங்கு அடியில் சங்கிலி சங்கிலியாக உட்கார்ந்திருக்கும். சங்கிலி அறுந்தால் தூங்கிக்கொண்டிருக்கிற கிழங்குகளும் முளைக்கும். ஆக, நாம் களை எடுக்கவில்லை, பயிரிடுகிறோம். போன மாதம் இவர் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினார். கோரை அதைக் குத்திக்கொண்டு மேலே வந்து எட்டிப் பார்த்தது.

மழை இல்லை, ஏது தண்ணீர் என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் தாத்தா மதில் வழியாகத் தலையை நீட்டினார். "என்ன, ராத்திரி பூரா வால்வைத் திறந்து விட்டுட்டீங்களா?"

மூடியிருந்த வால்வைத்தான் இவர் அத்தனை பாடுபட்டுத் திறந்திருக்கிறார். சமையலறையில் தண்ணீர் குறைந்தது, பாதி தோட்டத்துக்குப் போனதால். மண்ணைக் கிளறினால், அடியில் வரிசையாகத் துளை போட்ட குழாய் ஒன்று சுவர் நெடுக ஓடுகிறது. நடுவில் இணைப்பு விட்டுப் போயிருந்தது, சுற்றிலும் கறுப்பு டேப். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதையும் டேப்பாலேயா ஒட்டுவார் ஒரு மனுஷன்?

"சார் அவரே போட்டது" என்றார் தாத்தா. "அந்தம்மாவுக்கு முழங்கால் போயிடுச்சு. வாளி தூக்க முடியாது, குனிய முடியாது. ஆனா ரோஜாவுக்கு அவங்கதான் தண்ணி விடணும், வேற யாரையும் விட மாட்டாங்க. படியில உக்காந்தா கைக்கு எட்டற மாதிரி அந்த வால்வை வச்சுக் குடுத்தாரு."

இவ்வளவு நாளாக அந்த மனிதரைத் திட்டியதில் பாதியையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். கரப்பான்பூச்சி நினைவுக்கு வந்தது. கால் பங்கு போதும்.

தாத்தாவிடம் முதலிலேயே கேட்டிருக்கலாமே என்றால், இவர் காது அத்தையின் காதாகிவிடுகிறது.

ஆனால் அத்தைக்கு மட்டும் தாத்தா சொன்ன ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. மெல்ல எழுந்து போய்ப் படியில் உட்கார்ந்து பார்த்தார். கையை நீட்டினார். எட்டியது. அத்தையின் முழங்காலும் போய்த்தான் ரொம்ப நாளாகிறது, அதற்காக இந்த வீட்டில் யாரும் எதையும் பொருத்திக் கொடுக்கவில்லை. இவர் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல், புது இணைப்பு வாங்கக் கிளம்பிவிட்டார். இந்தத் தடவை டேப் கிடையாதாம்.

மண் ஈரமாக இருக்கும்போதே கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடலாம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சேற்றில் வேலை. கிழங்குகள் பெரும்பாலும் மேல்மண்ணில், 15 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கும் என்று படித்து ஆறுதல்பட்டுக்கொண்டேன். அத்தை படியை விட்டு நகரவில்லை. ரோஜா எந்த நிறம் வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்துவிட்டார். நடுநடுவே, "அதோ, இடது பக்கம் ஒண்ணு விட்டுட்டே பாரு" என்று குரல் வருகிறது. காது கேட்காதவருக்குக் கண் இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.