தாவுற கர்சர்

மே 5
மறுபடி தாவுது. கீபோர்டைப் பாத்து அடிச்சுட்டே போறேன், நிமிந்தா கர்சர் நாலு வரி மேல போய் நிக்குது, அடிச்சதெல்லாம் வேற வாக்கியத்தோட வயித்துக்குள்ள. 'டிரம் நிற்கும் வரை கதவைத் கம்பளி ஆடைகளைதிறக்காதீர்கள்'. வாஷிங் மெஷின் மேனுவல், வெள்ளிக்கிழமை குடுக்கணும்.
ரிப்போர்ட் வரல.

மே 6
லேப்டாப் டச்பேட்தானாம். டைப் பண்றப்ப உள்ளங்கை ஓரம் அதுமேல பட்டா விரலால தட்டுனதா நெனச்சுக்கிட்டு மவுஸ் அம்பு எங்க கெடக்கோ அங்க கிளிக் பண்ணிருமாம். செட்டிங்ஸ்ல புளூடூத் அண்ட் டிவைசஸ், அதுக்குள்ள டச்பேட், அதுக்குள்ள டேப்ஸ், அங்க சென்சிடிவிட்டிய லோ வச்சாச்சு. தட்டி கிளிக் பண்றதையே எடுத்துட்டா தீந்துச்சு, ஆனா என்னோடதுல கீழ்ப்பக்கம் அமுக்குனா அமுங்கவே மாட்டேங்குது, அதனால அது முடியாது. பேட்டரி உப்பிப்போய் அடியிலேர்ந்து டச்பேடத் தூக்குனாலும் இப்படி ஆகும்னு படிச்சதும் பயந்து டேபிள்ல வச்சு ஆட்டிப் பாத்தேன். ஆடல, சமமாத்தான் உக்காருது.
அக்கா ரெண்டு தடவை போன் பண்ணா. ரெண்டு தடவையும் ஒண்ணுமில்லன்னு சொல்லத்தான்.

மே 7
நைட்டு ஆஸ்பத்திரில அம்மா கட்டில் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து விடிய விடிய அடிச்சேன், ஒரு தடவை கூட தாவல.

மே 8
இன்னைக்கு வீட்ல ஒரு பாரா ஒழுங்கா அடிக்க முடியல, மடிக்கணினிய தூக்கிப் போட்டு ஒடச்சிரலாம்னு வந்துச்சு, லோ வச்சும் தாவுது, டச்பேட் மேல அட்டைய வச்சு டேப் ஒட்டியும் பாத்தேன், கர்சர் நிக்காம நடுங்குது. பதினோரு மணிக்கு கரண்ட் போச்சு. ஃபேன் இல்லாம வேர்த்து ஊத்துது, கத்திரி வெயில் வேற, ஆனா தாவறது நின்னுபோச்சு! கரண்ட் வந்துச்சு, தாவுச்சு. சார்ஜரப் புடுங்குனேன், நின்னுச்சு. மாட்டுனேன், தாவுச்சு. அப்பதான் தோணுச்சு, மாட்டியிருக்கும்போது விளிம்புல கை வச்சா சுர்ருனு ஒரு கூச்சம் இருக்கும்ல, ரொம்ப நாளா இருக்கு, நான் மெட்டல்னா அப்படித்தான்னு விட்டுட்டேன். எர்த் சரியில்லன்னா அடாப்டர்லேர்ந்து கசியற கொஞ்சூண்டு கரண்ட் போக வழியில்லாம லேப்டாப் உடம்பு மேலயே நிக்குமாம். ஆள அடிக்கிற அளவு இல்ல. ஆனா டச்பேட் விரல் பக்கத்துல வந்தா ஏற்படற துளியூண்டு மாற்றத்த அளந்துதான் வேலை பாக்குது, இந்த இரைச்சல்ல அதுக்கு எது விரல் எது விரல் இல்லன்னு தெரியாது. ஆஸ்பத்திரில எர்த் பக்காவா இருந்திருக்கு, அவ்ளோதான்.
சர்வீஸ் கடைக்காரன் பாக்காமலே மதர்போர்டு மாத்தணும்னு சொன்னான். நல்லவேளை காசு இல்ல.
ரிப்போர்ட் லேப்ல ஏதோ ரெண்டாவது தடவை பாக்குறாங்களாம். எதுக்கு ரெண்டாவது தடவை.

மே 9
எலக்ட்ரீசியன் அண்ணன் வந்தாரு. மூணு பின் ஓட்டைல எர்த் ஒயர் இருக்கு, வீட்டுக்குப் பின்னாடி குழி வரைக்கும் போகுது, ஆனா குழி காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு, ஈரம் இல்லன்னா கரண்ட் மண்ணுக்குள்ள சரியா எறங்காதாம். துணி தொவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல. "இங்க தண்ணி பொழங்குறதே இல்லையா தம்பி?"ன்னாரு. அம்மாதான் பொழங்கும்னேன். அவரு வேற ஒண்ணும் கேக்கல, உப்பும் கரியும் வாங்கிட்டு வரச் சொன்னாரு. கல்லுப்பு ஒரு கிலோ எந்தக் கடைலயும் கெடக்குது, கரிக்குத்தான் இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட கெஞ்ச வேண்டியதாப் போச்சு. கொட்டி, நாலு வாளி தண்ணி ஊத்தி, கிளாம்ப்ல துருவச் சொரண்டி இறுக்குனாரு. வெயில் காலம் பூரா தினம் ரெண்டு வாளி ஊத்தணுமாம்.
சார்ஜர் மாட்டி நாப்பது பக்கம் அடிச்சேன். கூச்சமும் இல்ல. மேனுவல் ராத்திரி அனுப்பியாச்சு.
அம்மா போன்ல முருங்கைக்கு தண்ணி ஊத்துனியான்னுதான் கேட்டுச்சு.

மே 10
ரெண்டு வாளி ஊத்தியாச்சு. முருங்கைக்கும்.

மே 11
அக்கா போன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு டாக்டர் பாக்கணுமாம், நாங்க ரெண்டு பேரும் வரணுமாம், அம்மாவக் கூட்டிட்டு வர வேணாமாம். ஏன்டி வேணாம்னு கேட்டதுக்கு எனக்கென்னடா தெரியும்னு வச்சுட்டா.
எர்த் செலவு ஹவுஸ் ஓனர்தான் தரணும். போன் எடுக்க மாட்டேங்குறாரு.