கடவுளின் அன்பு யாருக்கு எரிச்சல்?

யோவான் 3:16ஐ ஞாயிறு பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் ஒப்பிக்கும். ஆட்டோவின் முதுகில், காலண்டரில், கன்வென்ஷன் பந்தல் பேனரில் என்று எங்கே திரும்பினாலும் இருக்கிற வசனம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்று கேட்டதும் நாமெல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த 'உலகம்' என்பதற்குள் யார் யார் வருகிறார்கள் என்று அங்கே யாரும் நம்மைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை, அதனால்தான் அவ்வளவு சுலபமாகத் தலை ஆடுகிறது. பெயர் சொல்லிக் கேட்கிற இடங்களும் பைபிளில் இருக்கின்றன. அங்கே யாராவது ஒருத்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். கடவுளுடைய அன்பு எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ள, அதைப் பார்த்து எரிச்சல்பட்டவர்களைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

யோனா என்ற தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலே அதிகாரம், டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். நமக்கு அவரை விழுங்கிய மீன்தான் ஞாபகம் இருக்கும், மீனோ பாதிக் கதைதான். நினிவேக்குப் போய் எச்சரி என்று கடவுள் சொன்னால் யோப்பா துறைமுகத்துக்குப் போய்க் கூலி கொடுத்து எதிர்த்திசையில் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறுகிறார் மனிதர். பயத்தில் ஓடினார் என்றுதான் பெரும்பாலும் பிரசங்கத்தில் சொல்வார்கள். நாலாம் அதிகாரத்தில் அவரே வேறு காரணம் சொல்கிறார்: நீர் இரக்கமுள்ளவர், நீடிய சாந்தமுள்ளவர், சொன்ன தீங்கைச் செய்யாமல் விட்டுவிடுவீர் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் ஓடினேன். மற்ற இடங்களில் துதியாகப் பாடுகிற குணங்களையே இங்கே குற்றப்பத்திரிகை மாதிரி வாசிக்கிறார்.

யோனா பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. நினிவே அசீரியர்களின் பெருநகரம், இன்றைய ஈராக்கில் மோசூல் பக்கத்தில் இருந்தது. கிமு 722 வாக்கில் இஸ்ரவேலின் வடக்கு ராஜ்யத்தை அழித்தவர்கள் அந்த அசீரியர்கள். கிமு 701இல் தெற்கு ராஜ்யமான யூதாவின் லாகீசு நகரத்தைப் பிடித்தபோது அதைக் கல்லில் செதுக்கி நினிவே அரண்மனைச் சுவரில் பதித்து வைத்தார்கள். இப்போது அந்தக் கற்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கைதிகளைத் தரையில் நீட்டிக் கட்டித் தோலை உரிக்கிறார்கள், சிலரைக் கழுவில் ஏற்றியிருக்கிறார்கள், பக்கத்திலேயே குடும்பங்கள் மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சோடு நாடு கடத்தப்படுகின்றன. வந்த விருந்தாளிகள் பார்த்து மிரளட்டும் என்று இதை மாட்டி வைத்த ஊர் அது. யோனா புத்தகத்தைக் கையில் எடுத்த யூத வாசகனுக்கு நினிவே என்ற பெயரே வயிற்றைக் கலக்கியிருக்கும். அந்த ஊருக்குத்தான் மன்னிப்பு.

மீனுக்குப் பிறகு யோனா போய் எச்சரித்ததும் அந்த ஊர் மனந்திரும்பியது, அதில் ஒரு வேடிக்கை உண்டு. ராஜா போட்ட கட்டளைப்படி மனுஷர் மட்டுமில்லை, ஆடு மாடுகளும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, இரட்டு உடுத்திக்கொள்ள வேண்டும். கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு மாடு நிற்பதை நினைத்துப் பாருங்கள். (இதன் நினைவாக மூன்று நாள் நோன்பைச் சுரியானி மரபுத் திருச்சபைகள் இன்றும் பிடிக்கின்றன. கேரளத்தில் குறவிலங்காடு கோயிலில் அப்போது ஒரு பெரிய மரக்கப்பலைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வருவார்கள், யோனாவின் கப்பல்.)

ஊர் பிழைத்ததும் யோனா வெளியே போய்க் குடிசை போட்டு உட்கார்கிறார். நிழலுக்கு ஓர் ஆமணக்குச் செடி முளைக்கிறது, மறுநாள் பூச்சி அரித்துப் பட்டுப்போகிறது, உடனே செத்தால் தேவலை என்கிறார். கடவுள் திட்டவில்லை. நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ என்று கேட்கிறார், அவ்வளவுதான். ஒரு ராத்திரியில் முளைத்த செடிக்காக நீ இப்படிப் பரிதாபப்படுகிறாயே, வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் இருக்கிற ஊருக்காக நான் பரிதபிக்க மாட்டேனா, போதாததற்கு அங்கே எத்தனையோ மிருகங்கள் வேறு இருக்கின்றனவே என்று முடிகிறது புத்தகம். யோனா பதில் சொன்னாரா, எழுந்து போனாரா, ஒன்றும் எழுதவில்லை.

லூக்கா 15இல், பங்கை வாங்கிப் போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனைப் பற்றிய கெட்ட குமாரன் கதையும் அதே மாதிரிதான் முடிவு சொல்லாமல் நிற்கிறது. அப்பா ஓடிவந்து கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்த இடத்தில் பிரசங்கம் உச்சத்துக்குப் போகும், கொழுத்த கன்றோடு ஆராதனை முடிந்துவிடும். மூத்தவன் வயலிலிருந்து இன்னும் வந்தே சேரவில்லை. அவன் வருகிறான், பாட்டுச் சத்தம் கேட்டு விவரம் விசாரிக்கிறான், கோபித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிறான். அவன் அப்பாவிடம் பேசுவதைக் கவனியுங்கள். எனக்கு ஒருநாளாவது ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்தீரா, வேசிகளோடு சொத்தை அழித்த 'உம்முடைய குமாரன்' வந்ததும் கன்றை அடிக்கிறீரே என்கிறான். என் தம்பி என்று வாயில் வரவில்லை. வேசிகள் விஷயமும் அவனாகச் சேர்த்ததுதான், அதற்கு முன்னால் கதையில் துன்மார்க்கமாய்ச் செலவழித்தான் என்று மட்டும்தான் இருக்கிறது. அதைவிட, சொத்தைப் பிரித்தபோது அப்பா 'அவர்களுக்கு'ப் பங்கிட்டுக் கொடுத்தார் என்று இருக்கிறதே, அப்படியானால் இவன் பங்கும் அன்றைக்கே இவனுக்கு வந்தாயிற்று.

எனக்கு முக்கியமாகப் படுவது அப்பா செய்தது. இளையவனுக்காக ஓடின அதே மனுஷர் இவனுக்காகவும் விருந்தை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து கெஞ்சுகிறார். மகனே, எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதுதானே என்கிறார். 'உம்முடைய குமாரன்' என்றவனிடம் 'உன் சகோதரன்' என்று திருத்திச் சொல்கிறார், அதுவும் சண்டை போடாமல். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற நல்ல பிள்ளையும் அந்த அன்புக்கு வெளியே இல்லை. பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று முணுமுணுத்த, மதக் கட்டுப்பாட்டில் கண்டிப்பான பரிசேயர்களுக்கு இயேசு சொன்ன கதை இது, ஆகவே வாசலில் நின்றுகொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

மத்தேயு 20இல் திராட்சத்தோட்டக் கூலிக்காரர்கள். நம் ஊர் முக்கில் விடிகாலையில் தூக்குச்சட்டியோடு மேஸ்திரிக்காகக் காத்து நிற்கிறவர்களைப் பார்த்திருந்தால் இந்தக் கதைக்கு விளக்கவுரை வேண்டாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கும் நிற்கிறான் என்றால் சோம்பேறி என்று அர்த்தமில்லை, யாரும் கூப்பிடவில்லை, வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியாது. காலையிலிருந்து உழைத்தவர்களுக்குக் கொடுத்த அதே முழு நாள் கூலியைத் தோட்டக்காரர் அவனுக்கும் கொடுக்கிறார். வெயிலில் வெந்தவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும், எனக்கும் வந்திருக்கும்.

சரி, எரிச்சல்பட்டவர்களில் கடைசியில் உள்ளே போன ஒருத்தராவது உண்டா? அப்போஸ்தலர் 9இல் ஒருத்தர் இருக்கிறார், தமஸ்குவில் இருந்த விசுவாசி அனனியா. விசுவாசிகளைக் கட்டி இழுத்துப்போக அதிகாரக் கடிதத்தோடு வந்த சவுல், இப்போது கண் தெரியாமல் நேர்த்தெருவில் ஒரு வீட்டில் கிடக்கிறான், போய் அவன்மேல் கை வை என்கிறார் ஆண்டவர். இவனைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன் ஆண்டவரே என்று அனனியா தயங்குகிறார். யோனாவுக்கு இருந்த அதே நியாயம் இவருக்கும் இருந்தது, இவர் பிடிக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலிலேயே இருந்தவர். ஆனாலும் போகிறார். நாம் சத்துருக்களாக இருக்கும்போதே தேவன் நம்மை ஒப்புரவாக்கிக்கொண்டார் என்று பின்னாளில் பவுலாக ரோமருக்கு எழுதப்போகிற அந்த மனிதன் குருடனாக, மூன்று நாள் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறான். அனனியா வீட்டுக்குள் நுழைந்து அவன்மேல் கையை வைத்துச் சொன்ன முதல் பேச்சு: "சகோதரனாகிய சவுலே."